மகனுக்குச் சிகிச்சை என்றால் அம்மாவை ஏன் அழைக்கிறார்கள்?

ஒரு தாய் கேட்டிருப்பது சுருக்கமாக இது: "மகனுக்கு 9 வயது. ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனச்சிதறலும் அடங்காத துறுதுறுப்பும்) இரண்டும் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எதைக் கண்டாலும் பயம். மூன்று மாதமாக உளவியல் சிகிச்சைக்கு அழைத்துப் போகிறேன். 'மனது எப்படி இருக்கிறது' என்று கேட்டால் 'தெரியாது' என்பதற்கு மேல் அவன் பேசுவதில்லை. இப்போது சிகிச்சையாளர், சில வாரங்களுக்கு அவன் வரவேண்டாம், நீங்கள் மட்டும் வாருங்கள் என்கிறார். என் வளர்ப்பில்தான் குறை என்கிறாரா? 14 வயது மகள் பள்ளியில் சமர்த்து. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். அவளையும் காட்டவேண்டுமா? இதையெல்லாம் படிக்கப் படிக்க எனக்கே ஏடிஹெச்டி இருக்குமோ என்று தோன்றுகிறது."

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. உங்கள் மேல் குறை சொல்வதற்காக அவர் அழைக்கவில்லை. உங்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பும் இல்லை. குழந்தைகளுக்கான உளவியல் சிகிச்சையே என் வேலை. "அடுத்த வாரம் நீங்கள் மட்டும் வாருங்கள்" என்று நான் சொன்னதும் எத்தனையோ அம்மாக்களின் முகம் சட்டென்று இறுகியிருக்கிறது. 'தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை' என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். சேலையில் எது தெரிந்தாலும் நூலைத்தான் முதலில் சந்தேகிப்போம். வருத்தம் என்னவென்றால், என் துறையே நெடுங்காலம் அப்படித்தான் சந்தேகித்தது.

அமெரிக்காவில் குழந்தைகள் மனநல மருத்துவராக இருந்த லியோ கானர், 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசத்தை நாம் இன்று புரிந்துகொள்ளும் விதம் பெரும்பாலும் அதிலிருந்து தொடங்குகிறது. இது பிறவியிலேயே இருப்பது என்றுதான் அவர் அதில் முடித்தார். ஆனால் அந்தப் பெற்றோர்களில் பாசத்தை வெளிக்காட்டுபவர்கள் குறைவு என்றும் போகிறபோக்கில் குறிப்பிட்டார். 1949-இல் அவரே ஒருபடி மேலே போய், பனி உருகாத குளிர்பெட்டிக்குள் வைக்கப்பட்டவர்கள் போல அந்தக் குழந்தைகள் இருப்பதாக எழுதினார். 'குளிர்பெட்டித் தாய்' என்ற கொடுமையான சொல் வழக்கில் வந்தது அதற்குப் பிறகுதான். சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பதையே சிகிச்சையாக நடத்தினார். 1967-இல் அதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் பரவலாகப் போற்றப்பட்டது. பிள்ளையைப் பறிகொடுத்து, பழியையும் சுமந்துகொண்டு வாழ்ந்த தாய்மார்கள் எத்தனை பேரோ. அவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

அந்தப் பழியை முதலில் உடைத்தவர் ஒரு தகப்பன். பெர்னார்ட் ரிம்லாண்ட் உளவியல் படித்தவர். அவருடைய மகனுக்கு ஆட்டிசம் இருந்தது. தாயைக் குற்றவாளியாக்கும் கொள்கைக்கு ஆதாரம் எங்கே என்று தேடிப்போய், ஒன்றுமில்லை என்று கண்டு, இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று 1964-இல் எழுதினார். 1969-இல் பெற்றோர்கள் கூடியிருந்த மாநாட்டில் கானரே மேடையேறி, பெற்றோர்களாகிய உங்களைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறேன் என்றார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில், இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. வேறு வேறு கருவிலிருந்து வந்த 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஒவ்வொரு ஜோடியும் ஒரே வீட்டில் ஒரே தாயிடம் வளர்ந்ததுதான். வளர்ப்பு காரணமாக இருந்திருந்தால் இந்த வேறுபாடு வந்திருக்காது. பரம்பரையின் பங்கு பெரிது என்பதைப் பிறகு வந்த எத்தனையோ பெரிய ஆய்வுகள் உறுதிசெய்தன.

அப்படியானால் உங்களை ஏன் அழைக்கவேண்டும்? ஒரு பிள்ளைக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் வந்தால், ஊசி போடவும் அளவு பார்க்கவும் பெற்றோருக்குத்தான் கற்றுத்தருகிறார்கள். நோய் உங்களால் வந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. பிள்ளையோடு இருப்பவர்கள் நீங்கள் என்பதே பொருள். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். சிகிச்சையாளர் கையில் இருப்பது அதில் ஒன்று. ஆட்டிசத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஓர் அறையில் கற்றதை வேறோர் இடத்தில் எடுத்துப் பயன்படுத்துவது இந்தப் பிள்ளைகள் பலருக்குக் கடினம். சிகிச்சை அறையில் மூச்சை இழுத்துவிட்டு அமைதியாவதற்குக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, வீட்டில் தம்பி கத்தும்போது அது நினைவுக்கே வராது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கப்போவது நீங்கள்தான்.

பெற்றோர் வழியாகச் செய்யும் சிகிச்சை எப்படி இருக்கும் என்று ஒரு காட்சியாகச் சொல்கிறேன். பிரிட்டனில் ஜொனதன் கிரீன் குழுவினர் சோதித்துப் பார்த்த முறை இது. ஆட்டிசம் உள்ள சிறு குழந்தையும் அம்மாவும் விளையாடுவதைப் படம் பிடிப்பார்கள். பிறகு அம்மாவும் சிகிச்சையாளரும் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். குழந்தை ஒரு காரின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்கும். அம்மா, "இது என்ன கலர்? கார் எங்கே போகிறது? அம்மாவைப் பார்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், குழந்தை முதுகைத் திருப்பிக்கொள்ளும். படம் ஓடும். ஓரிடத்தில் அம்மா களைத்துப்போய்ச் சும்மா இருப்பார். ஐந்து நொடி, பத்து நொடி. சக்கரம் நிற்கும். குழந்தை அம்மாவின் முகத்தை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி சக்கரத்துக்குப் போகும். சிகிச்சையாளர் அங்கே படத்தை நிறுத்துவார். இந்த வேலையில் நான் பார்த்தவற்றிலேயே என் நெஞ்சில் நிற்பது அந்த நிறுத்தம்தான். மகன் தன்னைப் பார்ப்பதே இல்லை என்று நம்பிவந்த ஒரு தாய், "இன்னொரு முறை போடுங்கள்" என்று கேட்டுக் கேட்டு அந்த இரண்டு நொடிகளை ஆறு முறை பார்த்தார். குழந்தை தரும் சின்னக் குறிப்பு எங்கே வருகிறது, அதற்கு எப்படிக் காத்திருப்பது, வந்ததும் எப்படிப் பதில் தருவது என்பதுதான் அங்கே பாடம். ஒருவர் குறையைப் பட்டியல் போடும் வேலை அதில் கிடையாது.

அந்த முறையை 2010-இல் 152 குழந்தைகளிடம் சோதித்த முடிவு வந்தது. பெற்றோர் பதில்தரும் விதம் தெளிவாக மாறியிருந்தது. குழந்தை தானாகப் பெற்றோரோடு தொடர்புகொள்ளத் தொடங்குவது கூடியிருந்தது. ஆட்டிச அளவீட்டில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து அதே குழந்தைகளைத் திரும்பப் பார்த்தபோது, மற்றவர்களோடு பேசிப் பழகுவதில் இருந்த சிரமம் இந்தச் சிகிச்சையைப் பெற்றவர்களுக்கு ஓரளவு குறைவாக இருந்தது. ஆனால் பயமும் பதற்றமும் அதனால் குறைந்துவிடவில்லை. அதற்கு வேறு வேலை வேண்டியிருக்கிறது. உங்கள் மகன் விஷயத்தில் அந்த வேலைக்காகத்தான் அவர் உங்களை அழைக்கிறார் என்று நினைக்கிறேன்.

பயப்படும் பிள்ளை உள்ள வீட்டில் எல்லோரும் அந்தப் பயத்தைச் சுற்றியே நடக்கப் பழகிவிடுவார்கள். கதவு பூட்டியிருக்கிறதா என்று பிள்ளை இருபது முறை கேட்டால், இருபது முறையும் அம்மா பதில் சொல்வார். இருட்டுக்குப் பயந்தால் அப்பா அவன் அறையிலேயே படுத்துக்கொள்வார். அன்பினால்தான் செய்கிறோம், அந்த நேரத்துக்குப் பயம் அடங்கவும் செய்கிறது. ஆனால் நாளாக நாளாக அது பயத்துக்குத் தீனி போட்டதாக ஆகிவிடுகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் இதற்காகவே பெற்றோரை மட்டும் சந்திக்கும் ஒரு சிகிச்சையை வகுத்தார். பிள்ளை வரவே வேண்டாம். பெற்றோர் பயத்துக்காகத் தாங்கள் செய்துவரும் விட்டுக்கொடுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முன்கூட்டியே சொல்லிவிட்டு, சிறிது சிறிதாகக் குறைக்கிறார்கள். கூடவே பிள்ளையிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார்கள்: "உனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உன்னால் அதைத் தாங்க முடியும் என்றும் எனக்குத் தெரியும்." 2020-இல் வந்த ஆய்வில் 7 முதல் 14 வயதுவரை உள்ள 124 பேர். பெற்றோரை மட்டும் சந்தித்த சிகிச்சை, பிள்ளையோடு நேரடியாகச் செய்த சிந்தனை–நடத்தைச் சிகிச்சைக்கு (பயமூட்டும் எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் முறை) சற்றும் குறையாத பலனைத் தந்தது. உங்கள் மகனைப் போலப் பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய வாசல்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. இதை உங்கள் சிகிச்சையாளரிடம் வாய்விட்டுக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நாம் செய்துதரும் வசதிகள் எல்லாம் பயத்துக்கான தீனி அல்ல. இரைச்சல் இந்தப் பிள்ளைகள் பலருக்கு நமக்கு விழுவதைப் போல விழுவதில்லை. அது அவர்களுக்கு உடல் வலி. காதுமூடி போட்டுக்கொள்வது, சட்டையின் லேபிளை வெட்டிவிடுவது, நாளைய திட்டத்தைப் படமாக வரைந்து காட்டுவது எல்லாம் கண்ணாடி போட்டுக்கொள்வது மாதிரி. அவற்றைப் பிடுங்குவது சிகிச்சை ஆகாது. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த உதவியைக் கொடுத்தபின் பிள்ளை போகும் இடங்கள் கூடுகின்றனவா, குறைகின்றனவா?

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பொதுக் கழிப்பறைகளில் கையை உலர்த்த ஒரு காற்று இயந்திரம் இருக்குமே, அதன் சத்தத்துக்கு அவன் பயந்தான். அது வலியாகத் தொடங்கியது. பிறகு பயமாக வளர்ந்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் குடும்பமே வெளியே போகமுடியாத நிலை. அவனும் "தெரியாது" பையன்தான். அவனுக்கு லிஃப்ட் என்றால் உயிர். எந்தக் கட்டடத்தில் எத்தனை மாடி, எந்த லிஃப்டின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்தான். ஆகவே நாங்கள் ஒரு லிஃப்ட் வரைந்தோம். தரைத்தளத்தில் உடம்பு சும்மா இருக்கும். மூன்றாவது மாடியில் தோள் காதுவரை ஏறிவிடும். ஐந்தில் வயிறு இறுகும். எட்டில் ஓடிவிடவேண்டும். "உனக்கு எப்படி இருக்கிறது" என்பதற்கு வாயே திறக்காதவன், "எந்த மாடி?" என்றால் உடனே சொன்னான். ஒருநாள், "நான்கு, ஆனால் கதவு திறக்கவில்லை" என்றான். தன் மனநிலையை அவ்வளவு துல்லியமாகச் சொன்ன பெரியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. முதலில் அந்தச் சத்தத்தைக் கைபேசியில் பதிவுசெய்து, ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் அவன் கையிலேயே கொடுத்தோம். பிறகு கழிப்பறைக்கு வெளியே நின்றான். பிறகு காதுமூடியோடு உள்ளே. காதுமூடியை இன்றுவரை யாரும் கழற்றச் சொல்லவில்லை. வெளியே போகாமல் இருந்ததைத்தான் குறைத்தோம்.

உங்கள் மகனின் "தெரியாது" அடமோ ஒத்துழையாமையோ அல்ல என்பதற்காகவே இதை விரிவாகச் சொன்னேன். உள்ளே நடப்பதை அடையாளம் கண்டு அதற்குப் பெயர் வைக்கமுடியாத நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். 2019-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இருந்தது. மற்றவர்களில் 5 சதவீதம் பேருக்குத்தான். பேசியே தீர்க்கும் சிகிச்சை அப்படியே அவனுக்கு ஒத்துவராது. சிகிச்சையை வளைத்துத் தைக்கவேண்டும்: படம், எண், எழுத்து, அவனுக்குப் பிடித்த விஷயம், பெற்றோரின் பங்கு, நிறைய நேரம். 2020-இல் ஜெஃப்ரி வுட் குழுவினர் 7 முதல் 13 வயதுவரை 167 ஆட்டிசக் குழந்தைகளின் பதற்றத்துக்கு வழக்கமான சிந்தனை–நடத்தைச் சிகிச்சையையும், ஆட்டிசத்துக்கென்று மாற்றியமைத்ததையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் உதவின; மாற்றியமைத்தது கூடுதலாக உதவியது. ஆகவே, "எங்கள் பிள்ளைக்காக இதில் எதை மாற்றுகிறீர்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. ஒன்றும் மாற்றவில்லை என்று பதில் வந்தால், வேறு ஒருவரைத் தேடலாம்.

ஏடிஹெச்டி பற்றி ஒரே ஒரு வார்த்தை. கவனச்சிதறலையும் துறுதுறுப்பையும் பேசிச் செய்யும் உளவியல் சிகிச்சையே குறைத்துவிடும் என்று யாராவது உறுதி தந்தால் நம்பாதீர்கள். 1999-இல் 579 குழந்தைகளை 14 மாதம் பின்தொடர்ந்த ஆய்வில், அந்த அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில் கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்தே முன்னால் நின்றது. வீட்டில் ஓயாத சண்டை, பிள்ளைக்குத் தன்மேல் வந்துவிட்ட வெறுப்பு, இவற்றில்தான் நடத்தைச் சிகிச்சையும் பெற்றோர் பயிற்சியும் கைகொடுக்கும். மருந்து வேண்டுமா என்பதை மருத்துவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். அதைத் தோல்வியாக எண்ணவேண்டாம்.

மகள் விஷயத்துக்கு வருகிறேன். காட்டவேண்டும், தாமதிக்கவேண்டாம். பள்ளியில் சமர்த்து, வீட்டில் அழுகை என்பது, நாள் முழுதும் ஒரு வேடத்தைத் தாங்கிய உடம்பு கதவைச் சாத்தியதும் அதை இறக்கிவைப்பதாக இருக்கலாம். மற்றவர்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று பார்த்துச் சிரிப்பது, கண்ணைப் பார்க்கும் நேரத்தை எண்ணிக்கொண்டே பேசுவது என்று தன்னை மறைத்துக்கொள்வதில் பெண்பிள்ளைகள் பலர் தேர்ந்துவிடுகிறார்கள்; அதனாலேயே அவர்களின் ஆட்டிசம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. உங்கள் மகளுக்கு ஆட்டிசம் என்று நான் சொல்லவில்லை; வெறும் பதற்றமாகவோ, வகுப்பில் யாரோ செய்யும் கொடுமையாகவோ, மனச்சோர்வாகவோ இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். அவளிடம், "சாகவேண்டும் என்றோ, உன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றுகிறதா" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆய்வுகள் அதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. ஆம் என்றால், அன்றே மருத்துவ உதவிக்குப் போங்கள். அவளைத் தனியே விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அவளை இன்னும் நன்றாக நடிக்கப் பழக்கும் சிகிச்சைக்கு அனுப்பிவிடாதீர்கள். ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பிறர் மனம் புரியாது என்றே வெகுகாலம் சொல்லிவந்தார்கள். தானும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012-இல், புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று எழுதினார். 2020-இல் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் அதைச் சோதித்தார்கள். ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்கு ஒரு கதையைக் கடத்தும் விளையாட்டுதான். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களாக இருந்த சங்கிலி, யாருக்குமே ஆட்டிசம் இல்லாத சங்கிலியைப் போலவே நன்றாகக் கடத்தியது. இரு சாராரும் கலந்த சங்கிலியில்தான் கதை அதிகம் சிதைந்தது. தன்னைப் போன்ற ஒரே ஒரு தோழி, பல மாதப் பயிற்சியைவிட அவளுக்கு அதிகம் செய்யக்கூடும்.

உங்களைப் பற்றி நீங்கள் கேட்டது கடைசியில் இருந்தாலும் சின்னக் கேள்வி இல்லை. ஏடிஹெச்டியும் ஆட்டிசமும் குடும்பங்களில் ஓடுபவை. பிள்ளைக்காகப் படிவம் நிரப்பும்போதே தங்களை அடையாளம் கண்டுகொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொள்ளுங்கள். சிகிச்சையாளரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். பெற்றோர் வழிச் சிகிச்சை என்பது நினைவு வைத்துக்கொள்வதையும், ஒழுங்காகத் திரும்பத் திரும்பச் செய்வதையும், கத்த வரும் நேரத்தில் ஒரு நொடி நிற்பதையும் கேட்கிறது. ஏடிஹெச்டி உள்ளவருக்கு மூன்றுமே மலை. வாரத்துக்கு ஒரே ஒரு வேலை, அதுவும் எழுத்தில், நடுவாரத்தில் ஒரு நினைவூட்டல் என்று கேட்டு வாங்குங்கள். செய்யமுடியாத வாரத்தில் கூசாமல் சொல்லுங்கள்.

எந்தச் சிகிச்சையானாலும், அதன் இலக்கைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, இது நிறைவேறினால் யாருடைய வேதனை குறையும் என்று யோசியுங்கள். "கழிப்பறைக்குப் பயமில்லாமல் போவான்" என்றால் அவனுடையது. "கையை ஆட்டமாட்டான், கண்ணைப் பார்த்துப் பேசுவான்" என்றால் பார்ப்பவர்களுடையது. அமெரிக்க உளவியலாளர் ஐவர் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட, பெரிதும் பேசப்பட்ட ஆய்வில் ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி. மற்றப் பிள்ளைகளிடமிருந்து வேறுபாடு தெரியாமல் ஆக்குவதே வெற்றி. அதற்கு உரத்த அதட்டலும், சில வேளை தொடையில் அடியும் இருந்தன. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற அவசரம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. எதை வளைக்கிறோம் என்று பார்க்காத அவசரம் அது.

பலன் தெரிகிறதா என்பதை நினைவை நம்பி முடிவுசெய்யாதீர்கள், எண்ணி எழுதுங்கள். வாரத்தில் எத்தனை இரவு தனியே தூங்கினான், எத்தனை முறை அதே கேள்வியைக் கேட்டான், அவ்வளவு போதும். நம் ஆசை நம் கண்ணை எவ்வளவு மாற்றும் என்பதற்கு, ஆட்டிசத்துக்கு உதவும் என்று நம்பப்பட்ட செக்ரடின் என்ற ஊசியை 1999-இல் 60 ஆட்டிசக் குழந்தைகளிடம் சோதித்ததே சாட்சி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். இரண்டு பக்கமும் ஒரே அளவு முன்னேற்றம் தெரிந்தது.

அடுத்த வாரம் நீங்கள் தனியே போவதற்கு முன் மகனிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், தான் சரியாகப் பதில் சொல்லாததால்தான் தன்னை நிறுத்திவிட்டார்கள் என்று அவன் நினைத்துக்கொள்வான். உங்களுக்கு வந்த அதே சந்தேகம் அவனுக்கும் வரும். "நீ தப்பாக எதுவும் செய்யவில்லை. உனக்குப் பயம் வரும்போது நான் என்ன செய்தால் நல்லது என்று கற்றுக்கொள்ள இந்த முறை நான் போகிறேன். ஆறு வாரம். காலண்டரில் குறித்து வைக்கலாம்" என்று சொல்லுங்கள். எத்தனை வாரம் என்பதைச் சிகிச்சையாளரிடம் முன்னதாகக் கேட்டு, சரியான எண்ணையே சொல்லுங்கள். அவன் எண்ணிக்கொண்டிருப்பான்.